கதவு திறந்திருந்ததா?

கேள்வி: ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள் நாவலில் மிக மோசமான வில்லன் யார்? கொலை செய்த ஸ்மெர்தியகோவ்தான் என்கிறேன் நான். ‘எல்லாம் அனுமதிக்கப்பட்டதே’ என்று தத்துவம் பேசி அவனைக் கெடுத்த இவான்தான் என்கிறான் என் நண்பன். ஒரு சட்டி எருமைத் தயிர் பந்தயம். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஐயா.
வாசகர், பெரியகல்லாறு

பதில்: தம்பி, முதலில் அந்த ‘வில்லன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். அது சினிமாவில் இருந்து வந்த சொல். நம்முடைய கூத்து ஆடுகிற களரியில் அப்படி ஒரு ஆள் கிடையாது. நம் மட்டக்களப்புக் கூத்தில் ஒரு வகையான வடமோடியில் துரியோதனன் களரிக்கு வருகிற வரவைப் பார்த்திருப்பீர்கள். தருமனுக்கு அடிக்கிற அதே மத்தளம், அதே சல்லரித் தாளம். தலையில் அதே கனத்தில் கிரீடம். துரியோதனன் வேஷத்துக்குக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஊரிலேயே நல்ல ஆட்டக்காரனை, விடியும்வரை மூச்சு நிற்கிறவனைத்தான் தேடுவார். சபையில் இருக்கிற ஆச்சிமார் அவனைத் திட்டுவார்கள். அவன் தொடையில் அடி விழும்போது அழுவதும் அவர்கள்தான். 60களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனபோது இராவணனுக்கே ‘இராவணேசன்’ என்று ஒரு நாடகம் கிடைத்தது. தவறு செய்கிறவனையும் முழு மனிதனாக ஆடவிட்டுப் பார்க்கிற மண் இது. தஸ்தயேவ்ஸ்கி நமக்குப் பிடிபடுவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, நாவலுக்கு வருவோம். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. ஃபியோதர் பாவ்லோவிச் என்ற கூத்தடிக்கிற தகப்பன் கொலையாகிறான். உறையில் வைத்திருந்த 3000 ரூபிள் காணாமல் போகிறது. கொன்றவன் சமையல்காரன் ஸ்மெர்தியகோவ். அகப்பட்டவன் மூத்த மகன் மீத்யா. 1879இலும் 1880இலும் மாதப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த கதை இது. முடிந்த சில மாதங்களில், 1881இல், தஸ்தயேவ்ஸ்கி இறந்துபோனார். ஒரு பத்திரிகைக்காரனாக இந்தத் தகவலைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது.

உங்கள் ஸ்மெர்தியகோவ் மோசமானவன்தான். வழக்குக்கு முதல் நாள் இரவு தூக்குப் போட்டுக்கொண்டான். கடிதமும் எழுதி வைத்தான், அதில் மீத்யாவைக் காப்பாற்ற ஒரு சொல் இல்லை. அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. உங்கள் நண்பர் சொல்கிற இவான், ஃபியோதரின் இரண்டாவது மகன், நீதிமன்றத்துக்கு அந்த 3000 ரூபிளோடு வந்து, ‘கொன்றவன் அவன், தூண்டியவன் நான்’ என்று எல்லார் முன்னாலும் சொன்னான். சொல்லிப் புத்தி பேதலித்து விழுந்தான். தன்மேல் தானே தீர்ப்புச் சொன்னவனுக்கு நான் என்ன தீர்ப்புச் சொல்ல? தகப்பனைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்.

நான் சொல்லப் போகிற ஆள் உங்கள் பட்டியலில் இல்லை. கிழவர் கிரிகோரி. அந்த வீட்டு வேலைக்காரர். நேர்மையானவர், எசமான் காசில் ஒரு சல்லி தொடாதவர், வேதம் வாசிக்கிறவர்.

ஸ்மெர்தியகோவின் தாய் வாய் பேசத் தெரியாத, வீதியில் படுத்த ஏழைப் பெண். கரமசோவ் வீட்டுத் தோட்டத்துக் குளியல் அறையில் அவனைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். ஊர் ஃபியோதரைத்தான் தகப்பன் என்றது. பிள்ளையை எடுத்து வளர்த்தவர்கள் கிரிகோரியும் மனைவி மார்ஃபாவும். பையனுக்குப் 12 வயது ஆனபோது கிரிகோரி வேதம் படிப்பிக்க உட்காருகிறார். இரண்டாவது பாடமோ மூன்றாவது பாடமோ, பையன் சிரிக்கிறான். ‘என்ன?’ என்று கண்ணாடிக்கு மேலால் முறைக்கிறார். பையன் கேட்கிறான்: கடவுள் முதல் நாள் வெளிச்சத்தைப் படைத்தார், சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் நாலாம் நாள்தான் படைத்தார், அப்படியென்றால் முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

எவ்வளவு நல்ல கேள்வி! இந்தப் பக்கத்துக்கு அப்படி ஒன்று வந்தால் நான் மற்ற எல்லாக் கடிதங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு அதற்கே நாலு பக்கம் எழுதுவேன். கிரிகோரி என்ன செய்தார்? ‘இங்கிருந்துதான்’ என்று கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. பையன் ஒரு சொல் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். சில நாள் மூலையில் ஒதுங்கிக் கிடந்தான். ஒரு கிழமையில் முதல் வலிப்பு வந்தது. அதுவும் போதாதென்று, ‘நீ மனிதனே இல்லை, குளியல் அறை ஈரத்தில் முளைத்தவன்’ என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னவரும் இவர்தான். அந்தச் சொல்லை அவன் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பையனும் நல்ல பிள்ளை இல்லை, தெரியும். பூனைகளைத் தூக்கில் போட்டுச் சவ அடக்கம் நடத்தி விளையாடினவன். அந்தச் சிரிப்பிலும் ஒரு நக்கல் இருந்தது. ஆனால் நக்கலாகக் கேட்டாலும் கேள்வி கேள்விதானே?

எனக்கு இந்த இடம் ஏன் இப்படி எரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் 11 வயது. ஒரு பறுவ இரவு, முழுநிலா, மீன் பாடும் என்று ஊர் சொல்கிற மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட அப்பா தோணியில் கூட்டிப்போனார். துடுப்பின் ஒரு முனையை வாவித் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றும் இல்லை. மறுகா மெல்ல, தம்புராவின் ஒரு நரம்பை யாரோ தூரத்தில் மீட்டுவது போல. உடம்பெல்லாம் சிலிர்த்தது. திங்கட்கிழமை வகுப்பில் எழும்பிக் கேட்டேன்: “சேர், மீனுக்குத்தான் தொண்டை இல்லையே, அது எதால பாடுது?” வலது காதில் விழுந்தது அறை. “வாய்க்கொழுப்பு” என்றார். அவர் கெட்டவர் இல்லை. மழை நாளிலும் சைக்கிளில் வந்து படிப்பித்தவர், காசு வாங்காமல் பின்னேர வகுப்பு வைத்தவர். ஆனால் அந்த வருடம் முழுவதும் நான் எந்தப் பாடத்திலும் கை உயர்த்தவில்லை.

பாடுவது மீனா, சிப்பியா, ஊரியா என்று இன்றைக்கும் நம் ஊரில் கதைத்து முடியவில்லை. விபுலானந்த அடிகள் அந்த ஒலியை நீரரமகளிர், அதாவது நீரில் வாழும் தேவமகளிர், இசைப்பதாகக் கவிதை ஆக்கினார். யார் பாடுகிறார்கள் என்று ஒரு பெரிய மனம் கேட்டுக்கொண்டே போனதால் கிடைத்த கவிதை அது.

அறை மட்டும் என்றால் கிரிகோரியை நான் விட்டிருப்பேன். கதவு இருக்கிறதே! கொலை நடந்த இரவு கிழவருக்கு இடுப்பு வலி. மார்ஃபா மூலிகை ஊறிய சாராயத்தைத் தேய்த்துவிட, மிச்சத்தை அவர் குடித்துவிட்டுப் படுத்தார். நடுவில் எழுந்து தோட்டத்துக்கு வந்தார். வீட்டுக் கதவு திறந்து கிடந்ததைக் கண்டேன் என்று சாட்சி சொன்னார். உண்மையில் அந்த நேரம் கதவு பூட்டித்தான் இருந்தது. அன்றிரவு தோட்டம்வரை வந்த மீத்யா வீட்டுக்குள்ளே போகவே இல்லை. அந்தத் திறந்த கதவுதான் மீத்யாவைக் கட்டிப்போட்டது. மீத்யாவின் வழக்கறிஞர் எவ்வளவு குடித்தாய் என்று கேட்டார், இது எந்த வருடம் என்று கேட்டார். வருடம் கிழவருக்குத் தெரியவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தது மட்டும் தெரியும்! பொய் சொல்லவில்லை அவர். நினைத்ததைக் கண்டதாக நம்பிவிட்டார். நம்பிய பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. அவர் மனிதர் இல்லை, பிடிவாதக் கழுதை என்று ஸ்மெர்தியகோவே இவானிடம் சொல்கிறான். ஒரு கேள்வியை அறைந்து அடக்கின அதே மனம்தான் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்காமல் கூண்டில் ஏறி நிற்கிறது.

நம் கண்ணகிக்கு இது தெரிந்திருந்தது. வைகாசியில் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரைக் கதையைப் படிக்கும்போது இதைத்தான் நான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிலம்பைத் திருடினவன் பொற்கொல்லன். பழியைக் கோவலன் தலையில் போட்டவனும் அவனே. உங்கள் ஸ்மெர்தியகோவ் அச்சொட்டாக அவன்தான். ஆனால் கண்ணகி பொற்கொல்லன் பட்டறையைத் தேடிப் போனாளா? நேரே அரண்மனை வாசலுக்குப் போனாள். அரசனைப் பார்த்து அவள் சொல்வதாக இளங்கோ வைத்த முதல் சொல் ‘தேரா மன்னா’. விசாரிக்காத அரசனே! கள்வனே என்று இல்லை, கொலைகாரனே என்றும் இல்லை. பாண்டியனுக்கு ஒரு பெருமை உண்டு. சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், நானே கள்வன் என்று விழுந்து உயிரை விட்டான். கிரிகோரிக்கு முன்னால் அப்படி ஒரு சிலம்பு உடையவே இல்லை.

தகப்பன் மறந்துபோன குழந்தை மீத்யாவை ஒரு வருடம் தன் குடிசையில் வைத்துச் சோறு போட்டவரும் இதே கிரிகோரிதானே என்று உங்கள் நண்பர் கேட்கலாம். ஓம், அவர்தான். அவருடைய ஒரே பிள்ளை ஆறு விரலோடு பிறந்து இரண்டு கிழமையில் இறந்தது. அதைப் புதைத்த அன்றிரவுதான், குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்று மார்ஃபா எழுப்ப, குளியல் அறைக்கு ஓடினார். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். மீத்யாவைத் தூக்கி வளர்த்த கைதான் அவனைக் கூண்டிலும் தள்ளியது. அதனால்தான் இவரை மோசம் என்கிறேன். அயோக்கியன் சாட்சி சொன்னால் ஊர் நம்பாது.

நூல் வெளியீட்டு விழாக்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதி எழுதிச் சில நண்பர்கள் என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார்கள். இருந்தாலும் திரும்ப எழுதுகிறேன். ஆறு வாழ்த்துரை, இரண்டு பொன்னாடை, மூன்று மணித்தியாலம். கடைசியில் ‘நேரம் போதாமையால் கேள்விகளுக்கு இடமில்லை’. பின் வரிசையில் ஒரு பிள்ளை புத்தகத்தை வாசித்துவிட்டு, கடதாசியில் கேள்வியும் எழுதிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் கண்டேன். அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவன் எழும்பிப் போனான். ஒரு பொன்னாடையைக் குறைத்திருந்தால் அவனுக்குப் பத்து நிமிடம் கிடைத்திருக்கும்.

பந்தயத்தில் இரண்டு பேரும் தோற்றீர்கள். தயிரைப் பாதிப் பாதியாகச் சாப்பிடுங்கள். பெரியகல்லாற்றில் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 12 வயதில் ஒரு பிள்ளை இருந்தால், அதன் கேள்வி ஒன்றை அதன் கையெழுத்திலேயே வாங்கி அனுப்புங்கள். அடுத்த இதழில் முதல் பதில் அதற்குத்தான்.