சுடவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை: இது கேம்தானா?

கேள்வி: கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' வாங்கினேன். ஒரு பெண் பழைய வீட்டுக்குள் அறை அறையாக நடக்கிறாள். செத்துப்போன சொந்தக்காரர்களின் கதை ஒவ்வொன்றாக வருகிறது. எதிரி கிடையாது, லெவல் கிடையாது, தோற்கவும் வழியில்லை. இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "இதெல்லாம் கேமே இல்லடா" என்கிறார்கள் கூட்டாளிகள். கேம் என்று சொல்லி வேறு எதையோ விற்றுவிட்டார்களா? பணம் திரும்புமா?
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பணத்தை முதலில் முடித்துவிடுவோம். ஸ்டீம் விதிப்படி, வாங்கிய 14 நாளுக்குள் கேட்க வேண்டும். விளையாடிய நேரமும் 2 மணிக்குள் இருக்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். விதிக்கு வெளியே இருந்தாலும் விண்ணப்பித்தால் பரிசீலிப்பதாக அவர்களே சொல்கிறார்கள், ஆகவே கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் முழுதாக முடித்த ஒன்றுக்குப் பணம் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஏமாற்றினார்களா என்றால், இல்லை. அந்தக் கேமின் விற்பனைப் பக்கத்திலேயே இது பல கதைகளின் தொகுப்பு என்று எழுதியிருக்கிறது. கீழே உள்ள அடையாளச் சொற்களில் 'வாக்கிங் சிமுலேட்டர்' என்பதும் உண்டு. அதைப் பார்த்தாலே சண்டை இருக்காது, நடப்பதும் பார்ப்பதும் கேட்பதும்தான் வேலை என்று புரிந்துகொள்ளலாம். சண்டைக் காட்சியைக் காட்டி விற்றுவிட்டு இதைக் கொடுத்திருந்தால் கதையே வேறு. அப்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம்.

இனி உங்கள் கூட்டாளிகளுக்கு. அந்தக் கேமில் லூயிஸ் என்ற இளைஞனின் பகுதி நினைவிருக்கிறதா? மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. ஒரு கையால் மீனை இழுத்து, கத்தியில் தலையைத் துண்டித்து, அப்பால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு கையால் அவன் மனதுக்குள் எழும்பும் கற்பனை ராஜ்ஜியத்தில் அவனை நடத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் கற்பனை திரையை நிறைத்துவிடும். ஆனாலும் மீன் வெட்டும் கை நிற்காது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வெட்டும் அக்காக்களின் கை தன்பாட்டுக்கு அரிவாள்மனையில் ஓட, பேச்சு வேறெங்கோ போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தவருக்கு இது சட்டென்று பிடிபடும். இதையே சினிமாவாக எடுத்தால் லூயிஸின் அலுப்பை நாம் பார்ப்போம், அவ்வளவுதான். இங்கே அந்த அலுப்பு நம் விரலில் ஏறுகிறது. அவன் ஏன் வேலையை மறந்து உள்ளே போய்விட்டான் என்பதை நம் கையே நமக்குச் சொல்கிறது. கேமைத் தவிர வேறு எந்தக் கலையாலும் இதைச் செய்ய முடியாது. 2018-இல் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் ஆண்டின் சிறந்த கேம் விருது இதற்குத்தான் போனது.

இந்த வகையில் எல்லாமே இந்த அளவுக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். 2012-இல் விற்பனைக்கு வந்த 'டியர் எஸ்தர்' ஒரு தீவில் நடக்கவிடுகிறது. கூடவே ஒரு குரல் பேசுகிறது. ஒவ்வொரு முறையும் பேச்சின் துண்டுகள் மாறி வருகின்றன, மற்றபடி நம் கைக்கு வேலை மிகக் குறைவு. அங்கே உங்கள் கூட்டாளிகளின் வாதத்துக்கு வலு உண்டு. 'தி ஸ்டான்லி பாராபிள்' நேர் எதிர். 'ஸ்டான்லி இடது கதவில் நுழைந்தான்' என்று கதைசொல்லி சொல்லும்போது நீங்கள் வலது கதவில் நுழைந்தால் அவர் பதறிப்போய்க் கதையை இழுத்துக்கட்டப் பார்ப்பார். அங்கே சுட ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அடியும் ஆட்டத்தில் ஒரு நகர்வு.

அடுத்த முறை வாங்கும் முன் 'ஹவ் லாங் டு பீட்' தளத்தில் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். விலை உறுத்தினால் விருப்பப் பட்டியலில் போட்டுவையுங்கள்; தள்ளுபடி வரும்போது ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும்.

கேள்வி: இந்த மாதிரி குட்டிக் கதை கேம்களை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்டால் கிடைக்கிறது. விதிப்படி சரிதானே?
மாணவர், காலாப்பட்டு, புதுச்சேரி

பதில்: விதிப்படி சரி. ஆனாலும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2021-இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமை உருவாக்கியவர், நல்ல விமர்சனம் கிடைத்தும் பலர் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டதால் கேம் உருவாக்குவதையே காலவரையின்றி விடுவதாக அறிவித்தார். கேம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவதுதான் காரணம். பெரிய நிறுவனங்களுக்கு இது தூசு. ஓரிருவர் சேர்ந்து செய்யும் கேமுக்கு அதுதான் பிழைப்பு. ரீஃபண்ட் விதி உங்கள் லேப்டாப்பில் கேம் ஓடாமல் போனால், நடக்கும்போது திரை ஆடித் தலைசுற்றினால், பத்து நிமிடத்தில் பிடிக்காது என்று தெரிந்தால் பயன்படுத்த வேண்டியது. அப்போது கூச்சமே வேண்டாம், தாராளமாகக் கேளுங்கள். தலைசுற்றலுக்கு மட்டும், கேமின் அமைப்புகளில் பார்வைக் கோணத்தை (Field of View) கூட்டிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகன் 'கதை கேம்' வாங்கித் தரச் சொல்கிறான். பணம் கட்டி ஆடும் கேம்களுக்குத் தடை என்கிறார்களே, இதுவும் அதில் வருமா?
ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: வராதும்மா. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது, ஜெயித்தால் பணம் வரும் என்று பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி விளையாடும் கேம் அதில் சேராது. ஆனால் எதை வாங்குகிறான் என்று பாருங்கள். மேலே சொன்ன ஈடித் ஃபின்சில் குழந்தைகளின் சாவும் தற்கொலையும் வருகின்றன. அதைக் கொஞ்ச வருடம் கழித்து விளையாடட்டும். இப்போதைக்கு 2023-இல் வந்த 'வெண்பா' வாங்கிக் கொடுங்கள். 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சமைக்க வேண்டும். இரு பரிமாண ஓவியங்கள்தான், விலை உயர்ந்த லேப்டாப் கேட்காது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று அவன் உங்களைத்தான் கேட்பான்.