தலைமுறைகளாக ஒரே குடும்பம் நடத்தும் இத்தாலிய உணவகங்களில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் நின்று சமைக்கிறார்கள். நான் கண்ட சிறப்பு அதுதான்.

வட இத்தாலியில் மாந்துவா நகரில் இரண்டு ஆண்டுகள் கட்டடக்கலை படித்தேன். என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு திராத்தோரியா இருந்தது. வீட்டுச் சமையல் போடும் எளிய உணவகத்துக்கு அங்கே அந்தப் பெயர். நான் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை என்று சொன்ன முதல் நாள், கல்லாவில் இருந்த பெரியவர் உள்ளே போய் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் பூரணம் வைத்து மடித்த பாஸ்தாவான தொர்தெல்லியை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் முதல் வாய் சாப்பிடும்வரை அங்கேயே நின்றார்.

பரங்கிக்காயைச் சுட்டு மசித்து, அமரெத்தி என்னும் பாதாம் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு, கடுகின் காரம் ஏறிய பழப்பாகு, துருவிய பாலாடைக்கட்டி, சாதிக்காய் எல்லாம் சேர்த்துப் பூரணம் பிடிக்கிறார்கள். முட்டை விட்டுப் பிசைந்த மாவை மெல்லிய தகடாகத் தேய்த்து, அதற்குள் பூரணத்தை வைத்து மூடி, வேகவைத்து, உருக்கிய வெண்ணெயைச் சேஜ் என்னும் மூலிகை இலையோடு ஊற்றித் தருகிறார்கள். இனிப்பும் உப்பும் காரமும் ஒரே வாயில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இறைச்சி விலக்கும் விரத நாளில், மாந்துவா வீடுகளில் செய்வது இதைத்தான்.

அங்கே நாம் கேட்காமல் பில் வராது. சாப்பிட்டு முடித்தவர் முன்னால் தாமாகப் பில்லை வைப்பது, எழுந்து போகச் சொல்வதைப் போல என்று நினைக்கிறார்கள். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள். ரொட்டிக்கும் மேசை விரிப்புக்கும் வாங்கும் பழைய வழக்கம் அது.

இந்த மாமியார், மருமகள் வழியின் உச்சம் மாந்துவாவுக்கும் கிரெமோனாவுக்கும் இடையில், ஓல்யோ ஆற்றோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. ‘தல் பெஸ்கத்தோரே’, அதாவது மீனவர் வீடு. 1920களில் சந்தீனி குடும்பம் ஆற்று மீனும் திராட்சை மதுவும் விற்கத் தொடங்கிய சிறு கடை. மகன் ஜொவான்னியின் மனைவி புரூனா அடுப்பை ஏற்றார். பேரன் அந்தோனியோவை 1974இல் மணந்து வந்த நாதியா, புரூனாவின் பக்கத்தில் நின்று அந்த ஊர்ச் சமையலைக் கற்றுக்கொண்டார். உணவகங்களைத் தரம்பார்க்கும் மிஷ்லின் கையேடு தரும் உச்ச மதிப்பு மூன்று நட்சத்திரம். 1996இல் அந்த உணவகத்துக்கு அந்த மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது. 2013இல் உலகின் சிறந்த பெண் சமையற்கலைஞர் விருது நாதியாவைத் தேடி வந்தது. இப்போது அவருடைய மகன்களும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அங்கே சாப்பிட என் மாணவப் பணம் போதவில்லை. ஆனால் அந்தக் கதையை என் தெரு திராத்தோரியாவில் எல்லோரும் சொந்தக்காரர் கதைபோலச் சொன்னார்கள். பாரம்பரியம் ரத்தத்தில் வருகிறது என்பதை நான் நம்பாமல் போனது அதைக் கேட்ட பிறகுதான். வேறு ஊரில் பிறந்து வளர்ந்த பெண்தான் அங்கே அதைக் காப்பாற்றியிருக்கிறார்.

நீங்கள் போனால், உணவுப் படங்கள் ஒட்டிய பெரிய பட்டியலும் வாசலில் நின்று கூப்பிடும் ஆளும் இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏழெட்டு உணவுகளே உள்ள பட்டியல், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கோடை விடுமுறைக்காக ஆகஸ்டில் மூடிய கதவு இவையெல்லாம் நல்ல அடையாளங்கள்.

எங்கள் தெருக் கடையின் மருமகள் தெற்கே நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர். நான் போன புதிதில் அவர் மடித்த தொர்தெல்லியில் பாதியை அந்த அம்மா பிரித்து மறுபடி மடிப்பார். படிப்பை முடித்து விடைபெறப் போன பிப்ரவரி மாலையில், மருமகள் தட்டு நிறைய மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து துணி நாப்கின்களை மடித்துக்கொண்டிருந்தார். தட்டின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.