ஒரு ஓட்டு ஒரு சட்டமன்றத்தின் பெரும்பான்மையையே தீர்மானித்ததுண்டா?

உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா, 2017. அங்கே கீழவையில் 100 இடங்கள், தேர்தலுக்கு முன் குடியரசுக் கட்சி 66, ஜனநாயகக் கட்சி 34. அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சி 15 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து 49-க்கு வந்துவிட்டது, மிச்சமிருந்தது நியூபோர்ட் நியூஸ் பகுதியின் 94-ஆவது தொகுதி. அதுவும் கிடைத்திருந்தால் சரிபாதி, 50-50.

முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி 10 ஓட்டில் முன்னிலை. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் ஜெயித்தார். அடுத்த நாளே, செல்லாது என்று ஒதுக்கிய ஒரு வாக்குச்சீட்டு நீதிபதிகள் முன்னால் வந்தது. அதில் இரண்டு பேருக்கும் நேரே வட்டம் நிரப்பியிருந்தது, ஆனால் சைமண்ட்ஸ் வட்டத்தின் மேல் ஒரு கோடு. அதை யான்சிக்கே சேர்த்தார்கள். ஆளுக்கு 11,608!

சமமானால் அங்கே சட்டப்படி குலுக்கல்தான். 2018 ஜனவரி 4, பழைய ஃபிலிம் சுருள் டப்பாக்கள் இரண்டில் பெயர்ச்சீட்டைப் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள். யான்சி. ஆக 51-49, அவை குடியரசுக் கட்சியிடமே நின்றது.

மாநிலம் முழுக்க அதிக ஓட்டு வாங்கியது ஜனநாயகக் கட்சி என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது, தொகுதி எல்லையை எப்படி வரைகிறார்கள் என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அப்புறம், 2019-இல் அதே தொகுதியில் சைமண்ட்ஸ் யான்சியைத் தோற்கடித்தார், அவையும் 55-45 என்று கைமாறியது.