காய்ந்தாலும் நனைந்தாலும் ஒரு சாடி மண்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வானத்தைத் திட்டித்தான் வந்திருக்கின்றன. கார்த்திகையில் வெள்ளம், மாசியில் வெயில், வைகாசியில் காற்று. வானத்துக்கு நான் பொறுப்பில்லை, சாடிக்குள் இருக்கும் மண்ணைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

அக்கா, தொடர்மாடியின் மேல்தட்டில் தக்காளியும் கறிமிளகாயும் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் மத்தியானத்தில் இலை தொங்கிவிடுகிறது. மாசி வெயிலுக்கு எவ்வளவு தண்ணீர்தான் விடுவது? – வெள்ளவத்தை வாசகி

விடியற்காலையில் செடி நிமிர்ந்து நிற்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். நின்றால் பயமில்லை. உச்சி வெயிலில் வேர் உறிஞ்சுவதைவிட இலை வெளியே விடும் தண்ணீர் அதிகம், அதனால் தொங்கும், பின்னேரம் தானாக எழும்பிவிடும். இதைப் பார்த்துப் பதறி மத்தியானமும் ஒரு வாளி ஊற்றுகிறவர்கள்தான் வேரை அழுக வைக்கிறார்கள். காலையிலும் தொங்கினால் விஷயம் வேறு. அப்போது குழாயைத் திறக்க முன் விரலை மண்ணுக்குள் இரண்டாம் மூட்டு வரை விட்டுப் பாருங்கள்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு தக்காளியைச் சாகக் கொடுத்த பிறகுதான். 2022இல் அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்களே, அந்த நேரம் எல்லோரையும் போல நானும் பத்துச் சாடி வாங்கினேன். ஊற்றிய தண்ணீர் உடனே அடித்துளையால் வந்துவிடும், சரி, நன்றாக நனைந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். செடி பட்டுப்போன பிறகு சாடியைக் கவிழ்த்துத் தட்டினால் மண் முழுக் கட்டியாக விழுந்தது. மேலே ஒரு அங்குலம் ஈரம், ஓரமெல்லாம் ஈரம், உடைத்துப் பார்த்தால் நடுவில் பிஸ்கட் போல காய்ந்த தும்புத்தூள், அதற்குள் நூல் நூலாக வேர். தும்புத்தூள் ஒரு தடவை முற்றாகக் காய்ந்துவிட்டால் சுலபத்தில் தண்ணீரை ஏற்காது, ஊற்றுவதெல்லாம் சாடிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள வெடிப்பால் ஓடிவிடும். உங்கள் சாடியும் அப்படி இருந்தால் மேலிருந்து ஊற்றாதீர்கள். ஒரு பேசினில் தண்ணீர் எடுத்துச் சாடியை அதற்குள் அரை மணி நேரம் வையுங்கள், குமிழி வருவது நின்றதும் தூக்கி வடிய விடுங்கள்.

கொங்கிறீட் தட்டு குடிக்கும் வெயில் இரவு வரை இறங்காது, அதனால் ஒவ்வொரு சாடிக்கும் அடியில் இரண்டு செங்கல் வையுங்கள். கறுப்புச் சாடி என்றால் வெளியே பழைய உரப்பையைச் சுற்றிவிடலாம், மண்ணின் மேல் காய்ந்த இலையோ பொச்சுத் துண்டோ இரண்டு அங்குலம் போடலாம். தக்காளிப் பூ உதிர்ந்தால் அதற்கும் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். இரவிலும் 25 பாகையை ஒட்டிச் சூடு நிற்கும் மாதங்களில் தக்காளி காய் பிடிக்கத் தயங்கும், கொழும்பில் அது சாதாரணம். அந்த மாதங்களுக்கு வெண்டியும் பயிற்றங்காயும் வையுங்கள், வெயிலுக்கு அவை முகம் சுளிக்காது.

இன்னொன்று. நீண்ட வறட்சியில் களனி ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவரும், கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளையில் மணல்மூட்டை அடுக்கி மறித்தது அதற்காகத்தான். குழாய்த் தண்ணீர் நாக்கில் உப்பாகத் தெரிகிற நாட்களில் பசளை போடாதீர்கள். பசளையும் ஒரு வகை உப்புத்தான், இரண்டும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும்.

யாழ்ப்பாணத்தில் தாத்தா மாதம் பார்த்து விதைப்பார். அதே கணக்கில் இங்கே விதைத்தால் ஒன்றும் சரிவரவில்லை. எந்த மாதம் நல்லது? – வத்தளை வாசகர்

தாத்தாவின் கணக்கு சரி, ஊர்தான் மாறிவிட்டது. அங்கே ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஒரு மாரி, மற்றதெல்லாம் கிணறு. இங்கே சித்திரை வைகாசியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று, நடுவில் தென்மேற்குக் காற்று. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நாம் வாய்ப்பாடம் வைத்திருக்கும் ஆடியில் கொழும்பில் கடற்காற்றுதான் அடித்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மழையும்கூட இப்போது சொன்ன நாளில் வருவதில்லை. நான் மாதம் பார்ப்பதை விட்டுவிட்டேன். பொட்டலத்தில் இருக்கும் விதையை நாலாகப் பிரித்து மூன்று கிழமைக்கு ஒரு பங்கு போடுகிறேன். ஒரு பங்கு மழையில் அழுகும், ஒரு பங்கு காயும், மிச்சம் கறிக்குக் காணும்.

பாகல் பந்தலைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மிளகாய்க் கொப்பும் முறிந்துவிட்டது. – தெஹிவளை வாசகி

பந்தல் உயரமாகவும் இலை அடர்த்தியாகவும் இருந்தால் அது பாய்மரம்தான். மீன்வலையோ நைலோன் வலையோ ஆளுயரத்துக்கு மேல் போகாமல் கட்டுங்கள், காற்று வலைக்குள்ளால் போக வழி விடுங்கள். தறப்பாள் கட்டவே வேண்டாம். மிளகாயைக் கம்பில் கட்டும்போது கயிறு 8 வடிவில் தளர்வாக இருக்கட்டும், இறுக்கிக் கட்டிய இடத்தில்தான் முறியும். காற்று எச்சரிக்கை வந்தால் சாடிகளை மதில் ஓரம் நெருக்கி வையுங்கள், உயரமானவற்றை நீங்களே படுக்க வைத்துவிடுங்கள். காற்று ஓய்ந்ததும் கடற்கரைப் பக்கத்துக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுவது.

கார்த்திகை வெள்ளம் எங்கள் வளவில் இரண்டு நாள் நின்றது. வல்லாரை, பொன்னாங்காணி திரும்பவும் துளிர்க்கிறது, சமைக்கலாமா? கத்தரி மட்டும் பச்சையாகவே வாடிச் செத்துப்போனது. – வெல்லம்பிட்டி வாசகி

சமைக்க வேண்டாம். உங்கள் பக்கம் வந்தது வெறும் ஆற்றுத் தண்ணீர் இல்லை, மலக்குழியும் கானும் கலந்தது. வல்லாரையைச் சம்பலுக்குப் பச்சையாக அரிந்து போடுகிறோம், அதை எந்தக் கழுவலும் சுத்தமாக்காது. நின்றதை அடியோடு வெட்டி எறியுங்கள். பச்சையாகத் தின்னும் கீரைக்கு அந்த மண்ணில் நாலு மாதமாவது இடைவெளி விடுவது என் கணக்கு. அதுவரை முருங்கை, வாழை, பந்தலில் தொங்கும் புடோல் போல நிலத்தில் படாமல் காய்ப்பவையும், அவித்துச் சாப்பிடுபவையும் போதும். நட்டமாகத் தெரியும், தெரியட்டும்.

அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறலில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம். பூட்ஸ், கையுறை இரண்டும் வேண்டும். இறங்கிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள்.

மண் ஈரமாக இருக்கும்போது கொத்தாதீர்கள், கட்டியாகிவிடும். கையில் பிடித்தால் உதிரும் பதம் வந்த பிறகு கொம்போஸ்ட் கலந்து கிளறுங்கள்.

இனிக் கத்தரி. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடியது என்றீர்கள், எனக்குச் சந்தேகம் பக்ரீரியா வாடலில். அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் கோப்பைத் தண்ணீருக்குள் வெட்டுமுகம் மட்டும் படும்படி பிடித்து, ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். வெட்டிலிருந்து பால் போல மெல்லிய நூல் கீழே இறங்கினால் அதுதான். மருந்து இல்லை. செடியை வேரோடு எடுத்து எரியுங்கள், கொம்போஸ்ட் குழியில் போடாதீர்கள், அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் சில வருடம் வைக்காதீர்கள். கத்தரி இல்லாமல் முடியாது என்றால் சுண்டங்காய்ச் செடியில் ஒட்டிய கன்று தேடிப் பாருங்கள், அதன் வேர் இந்த வாடலைத் தாங்கும். கமத்தொழில் திணைக்களத்தின் 1920க்கு அழைத்தும் கேட்கலாம்.

மழைத் தண்ணீர் பிடிக்க பரல் வைக்க ஆசை. டெங்குக்குப் பயந்து வீட்டுக்காரர் விடவில்லை. – கொட்டாஞ்சேனை வாசகி

வீட்டுக்காரர் பயப்படுவது சரி, ஆனால் பரல் மேல் குற்றமில்லை. கணக்கைப் பாருங்கள்: பத்துச் சதுர மீற்றர் கூரையில் பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். கொழும்பில் ஒரு பின்னேர மழைக்கு அது ஒன்றும் பெரிசில்லை. பீலியிலிருந்து வரும் குழாயின் வாய்க்கும் பரலின் வாய்க்கும் நுளம்பு வலையை இரண்டு மடிப்பாகப் போட்டு ரப்பர் பட்டியால் இறுக்குங்கள். தண்ணீரை மேலால் அள்ளாமல் அடியில் பைப் பூட்டி எடுங்கள், மூடியைத் திறக்கிற வேலையே வராது. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதைவிட முக்கியம், முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் சாடிக்குக் கீழே வைக்கும் தட்டுகளை வெறுமனே கவிழ்த்தால் காணாது, கிழமைக்கு ஒரு தடவை தும்பு போட்டுத் தேய்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்தத் தட்டுகளே வேண்டாம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் அவர் டோர்ச் அடிப்பது பரலுக்குள் இல்லை, முதலில் அந்தத் தட்டுகளுக்குத்தான்.