வெளிநாட்டில் மறைப்பணி செய்தபோது சந்தித்தவர்களில் யாருக்கு நன்றி சொல்ல நினைக்கிறீர்கள்?

ஒரு உபதேசியாருக்கு, எங்கள் மடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு, அப்புறம் 2022 புயல் ராத்திரியில் வந்து கதவைத் தட்டிய ஆட்களுக்கு. எல்லோரும் மடகாஸ்கர்க்காரர்கள், ஃபியனாரன்ட்சுவா நகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற மலைக் கிராமத்து ஜனங்கள். நான் கொடைக்கானல் மலைக்காரி, பெருமாள்மலைப் பக்கம். கன்னியர் சபையில் சேர்ந்து, நர்சிங் படித்து, அங்கே ஒரு சின்ன மருந்தகத்துக்கு அனுப்பப்பட்டவள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் விசாரிக்கிறார்கள். "சிஸ்டர், அங்க ரொம்பக் கஷ்டப்பட்ட சனங்களாமே, எத்தனை பேருக்கு நல்லது செஞ்சீங்க?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பேச்சு தெரியாமல், சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்கு விலை கேட்கக்கூடத் தெரியாமல் போய் இறங்கிய என்னைத்தான் அவர்கள் முதலில் பார்த்துக்கொண்டார்கள், அதை யாரும் கேட்பதில்லை.

அந்தப் பாட்டியைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் பெட்சிலேயோ ஜனங்கள், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் போடுவதில் கெட்டிக்காரர்கள், மூன்று வேளையும் சோறுதான். அரிசியை அளப்பது கபுவாக்கா என்கிற பால் டப்பாவால், அதாவது கண்டென்ஸ்டு மில்க் வந்த காலி டப்பா, நாடு முழுக்க அதுதான் அளவு. புது நெல் வருவதற்கு முந்தின மழை மாதங்களில் வீட்டுக்கு வீடு அரிசி தீர்ந்துபோய் மரவள்ளிக்கிழங்கில் காலம் தள்ளுவார்கள். அப்படி ஒரு மாதத்தில்தான் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன். பாட்டி ஒரு டப்பா அரிசியை முந்தானை மாதிரிப் போர்த்தியிருந்த துணிக்குள் மறைத்து எடுத்து வந்து, எங்கள் அடுப்பிலேயே குழைய வடித்து, பானை அடியில் தீய்ந்து ஒட்டியிருந்த சோற்றின் மேல் தண்ணீரை ஊற்றி மறுபடி கொதிக்க வைத்து டம்ளரில் கொடுத்தார். ரானுவூலா என்பார்கள், சாப்பாட்டோடு அவர்கள் குடிப்பதே அதுதான். லேசான கருகல் வாசனை, கொஞ்சம் கசப்பு, கொதித்த தண்ணீர் என்பதால் வயிற்றுக்கும் கெடுதல் இல்லை. நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் அவர் வீட்டில் எத்தனை வேளை சோறு பொங்கியது என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

உபதேசியார் விவசாயி. ஒரு பங்குச் சாமியாருக்கு அத்தனை கிளைக் கிராமங்கள் இருப்பதால் ஒவ்வொரு ஊரிலும் பூசை என்பது வருஷத்தில் சில தடவைதான், மற்ற ஞாயிறெல்லாம் இவர்தான் வாசகம் வாசித்து, ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து, சாவு விழுந்தால் அடக்கமும் செய்து வைப்பார். ஞானஸ்நானப் பெயர்களையெல்லாம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி, பாலிதீன் பையில் சுற்றி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மலை ஏறுவார். ஆர்மோனியம், கீபோர்டு எதுவும் கிடையாது, கூட்டம் தானாகவே குரல் குரலாகப் பிரிந்து பாடும். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஜெபப் புத்தகத்தைத் திறக்கவே தோன்றவில்லை.

விக்டோரியா ரசோமனாரிவோ பற்றி எனக்குச் சொன்னதும் அவர்தான். அந்தக் காலத்து மடகாஸ்கர் பிரதமர் வீட்டு மருமகள். 1883-ல் பிரான்சோடு சண்டை வந்து பிரெஞ்சு மறைப்பணியாளர்களை நாட்டைவிட்டு அனுப்பியபோது, சாமியாரே இல்லாமல் 1886 வரை கத்தோலிக்கத் திருச்சபையைத் தாங்கிப் பிடித்தவர்களில் முன்னால் நின்றவர் இந்த அம்மா. 1989-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அங்கேயே போய் அவருக்கு முக்திப்பேறு பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, கொடுத்தார். உபதேசியார் இதைத் தன் சொந்த அத்தையைப் பற்றிச் சொல்கிற உரிமையோடு சொல்வார். நாங்கள் விசுவாசத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்கிற பேச்சு எனக்கு அன்றோடு போயிற்று. அவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே யார் துணையும் இல்லாமல் காப்பாற்றி வைத்த வீட்டுக்குள் நான் போயிருந்தேன்.

2022 பிப்ரவரி 5-ம் தேதி பட்சிராய் புயல் கிழக்குக் கரையில் மனன்ஜாரி பக்கம் கரை ஏறி எங்கள் மலைப்பகுதி வழியாகப் போனது. மருந்தகத்தின் தகரக் கூரை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போய்விட, உள்ளே இருந்த மருந்துப் பெட்டிகள் நனையத் தொடங்கிய நேரத்தில் நாலைந்து ஆட்கள் கயிறோடு வந்து நின்றார்கள். பெட்டிகளையெல்லாம் தலையில் சுமந்து செங்கல் கோயிலுக்குள் கொண்டுபோய் அடுக்கினார்கள். அதில் இரண்டு பேருக்கு வீட்டுக் கூரையே இல்லை என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

இதைச் சொன்னால் உடனே "ஏழையா இருந்தாலும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அன்று காலையில் மண் சரிந்து மூடிய வயலின் வரப்பில் உட்கார்ந்து அழுதவர்களை நான் பார்த்தேன். அவர்கள் வறுமையை ரசிக்கவில்லை, வறுமையிலும் அடுத்தவரை விடவில்லை, அவ்வளவுதான்.

நம் மலையிலேயே பாருங்கள். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள், கீழே காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்த பயத்தில் ஏறி வந்தவர்கள். அவர்கள் பெயர்கள் கல்லறையிலும் புத்தகத்திலும் இருக்கின்றன. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் அடிவாரத்திலிருந்து அவர்களையும் பிள்ளைகுட்டிகளையும் நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் தூக்கி வந்த நம் ஆட்களின் பெயரைத் தேடினால் கிடைக்காது. சமைத்துப் போட்டவர்கள், தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். உங்கள் வீட்டில் பூட்டன் டோலி தூக்கினார் என்று பேச்சு உண்டென்றால் பெரியவர்களிடம் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

என்னிடம் அந்த மலைக் கிராமத்துப் பெயர்கள் ஒரு டைரி நிறைய இருக்கின்றன. இங்கே போடாததற்குக் காரணம், இன்னும் அவர்களிடம் கேட்கவில்லை. உபதேசியாரின் மகள் வாட்ஸ்அப்பில் இருக்கிறாள், டவர் கிடைக்கிற ஊருக்கு அவள் சந்தைக்கு வரும்போதுதான் செய்தி போய்ச் சேரும். அவர்கள் சரி என்றால் இந்தப் பதிலிலேயே பெயர்களைச் சேர்த்துவிடுகிறேன்.