குங்குமம் எங்கே போனது? – கேமரா கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் இன்னிசைக் கச்சேரி வைத்தார்கள். மேடைக்கு முன்னாலேயே நின்று நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். கேமராத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால் பாடகியின் முகம் ஒரே சிவப்புக் குழம்பாக இருக்கிறது, மூக்கும் கன்னமும் பிரியவே இல்லை, நெற்றியில் இருந்த குங்குமத்தைக்கூடக் காணோம். ஒயிட் பேலன்ஸை எவ்வளவு நகர்த்தியும் சரியாகவில்லை. என்ன தப்பு செய்தேன்?
– தென்காசி வாசகர்

பதில்: குங்குமத்தைக் கவனித்தீர்கள் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஒரு பொருளின் நிறம், அதன் மேல் விழும் வெளிச்சத்தில் அந்த நிறம் இருந்தால்தான் நமக்குத் தெரியும். மஞ்சள் பல்புக்கு முன்னால் கலர் தாள் ஒட்டிய காலத்தில் மற்ற நிறங்களும் கொஞ்சம் கசிந்து வரும். இன்றைய எல்இடி பார் விளக்கில் சிவப்பு என்றால் அநேகமாகச் சிவப்பு மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் தோலும் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது, குங்குமமும் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் பொட்டு தோலோடு கரைந்துவிடுகிறது. திருநீறு மட்டும் பளிச்சென்று நிற்கும். அதே பாடகி நீல வெளிச்சத்துக்குள் நகர்ந்தால் அதே குங்குமம் கறுப்புப் பொட்டாகிவிடும். இலைப் பச்சைப் பட்டுப்புடவை சிவப்பு விளக்கில் கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான். ஒயிட் பேலன்ஸ் என்பது பதிவான நிறங்களின் விகிதத்தை மாற்றுகிற வேலை. வெளிச்சத்திலேயே இல்லாத பச்சையை அது எங்கே போய்க் கொண்டுவரும்?

அடுத்து, முகம் குழம்பிப்போன விஷயம். பெரும்பாலான கேமராக்களில் வெளிச்சத்தைப் பதியும் சென்சார் மேல், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புதான் இன்றும் இருக்கிறது: நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. ஆகவே தனிச் சிவப்பு வெளிச்சத்தில் 24 மெகாபிக்சல் கேமராவில் உருப்படியாக வேலை செய்வது 6 மெகாபிக்சல்தான். அது போதாதென்று, பல கேமராக்களில் மீட்டர் வெளிச்சத்தை எடைபோடும்போது பச்சைக்கே அதிக இடம் கொடுக்கிறது. சிவப்புப் புள்ளிகள் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், மீட்டரோ இருட்டு என்று நினைத்து இன்னும் ஏற்றும். நிரம்பி வழிந்த இடத்தில் மூக்குக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் பதிவாகாது. படத்தின் வெளிச்சப் பரவலை வெள்ளை நிறத்தில் ஒற்றை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமும் இதைக் காட்டிக்கொடுக்காது. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக வரும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள், சிவப்பு வரைபடம் வலது ஓரத்தில் முட்டினால் உள்ளே வரும் வெளிச்சத்தை உடனே குறைத்துவிடுங்கள். திரையில் படம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

சரி, எடுத்த படங்களை என்ன செய்வது? ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்திருந்தால் ஓரளவு மீட்கலாம். லைட்ரூம் மாதிரி மென்பொருளில் முதலில் ப்ரொஃபைலை நியூட்ரலுக்கு மாற்றுங்கள், பிறகு சிவப்பின் செறிவை நன்றாக இறக்குங்கள். சில படங்களில் முகத்தின் வளைவுகள் அப்போதே திரும்பி வரும், ஏனென்றால் அவை கோப்பில் இருந்தன, திரைதான் காட்டவில்லை. வரவில்லை என்றால் பச்சைச் சானலை, அதாவது பச்சைப் புள்ளிகளின் பதிவை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பு வழிந்து போயிருந்தாலும் பச்சைப் புள்ளிகளுக்குள் கொஞ்சம் சிவப்பு கசிந்திருக்கும், அதில் முகம் உட்கார்ந்திருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரியும்தான், ஆனால் அந்தப் பாடகியின் முகம் கிடைத்துவிடும்.

அடுத்த கொடைக்கு: மேனுவல் முறை, ஷட்டர் 1/200 நொடி, லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200இல் தொடங்குங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வின் பக்கம் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வந்து நிற்கும். ஆனால் இந்த எண்களை எல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் இரண்டு பாட்டுக்குக் கேமராவைத் தூக்காதீர்கள். விளக்கைப் பாருங்கள். சரணத்தில் நீலத்தில் கிடக்கும் மேடை பல்லவி திரும்பும்போது எங்கே போகிறது, பாடகர் இரண்டு பாட்டுக்கு நடுவே பேசும்போது முன் விளக்கு வெள்ளையாகிறதா, கைத்தட்டலுக்கு என்ன நிறம் வருகிறது என்று பார்த்தால் மூன்றாவது பாட்டில் வெளிச்சம் வரும் முன்பே நீங்கள் தயாராக இருப்பீர்கள். கச்சேரி தொடங்கும் முன் லைட் போடுகிற அண்ணனிடம் போய், "பாடுறவங்க முகத்துக்கு மட்டும் ஒரு வார்ம் வெள்ளை லேசா வச்சுக்குங்கண்ணே" என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் செய்து கொடுத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து சிவப்பும் நீலமும் முடியின் ஓரத்தில் பட, முகத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை இருந்தால் அதைவிட அழகான மேடை வெளிச்சம் கிடையாது.

கேள்வி: கல்லூரி கல்ச்சுரல்ஸில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள். அசைவு தெரியக்கூடாது என்று ஷட்டரை 1/1000 நொடி வைத்தேன். கேமராவில் கோளாறா?
– கோவை வாசகர்

பதில்: கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, சர்வீஸுக்குக் கொடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். எல்இடி விளக்கின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு அதை நொடிக்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் தடவை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஷட்டர் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதியும்போது சில வரிகள் விளக்கு எரியும் கணத்திலும் சில வரிகள் அணைந்த கணத்திலும் மாட்டிக்கொள்கின்றன. அதுதான் பட்டை. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம், பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரைப் படித்து முடிக்க அதிக நேரம் எடுக்கிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், 1/200 அல்லது 1/160க்கு இறங்குங்கள், அநேகமாகப் போய்விடும். ஆன்ட்டி ஃப்ளிக்கர் என்று மெனுவில் இருப்பது பொதுவாக மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும் விளக்குக்கு, அதாவது நம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 துடிப்புக்கு. எல்இடிக்கு அதை நம்ப வேண்டாம். புதிய சில கேமராக்களில் ஷட்டரை 1/203.2 மாதிரி நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருக்கிறது, உங்களுடையதில் இருந்தால் திரையைப் பார்த்தபடியே பட்டை மறையும் வரை நகர்த்துங்கள்.

கேள்வி: மேடையில் தவில் வித்வான்களை எடுக்க ஆசை. 18-55 லென்ஸ்தான் இருக்கிறது. நீல விளக்கில் ஃபோகஸே பிடிக்கவில்லை, கையும் கலங்குகிறது. என்ன வாங்கலாம்?
– திருவாரூர் வாசகர்

பதில்: 50 எம்எம் எஃப் 1.8. கேமரா கம்பெனிகள் விற்கும் லென்ஸ்களில் மலிவானவற்றில் ஒன்று. உங்கள் லென்ஸின் 55 எம்எம் முனையில் எஃப் 5.6தான் கிடைக்கும், இதில் அதைப்போல ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஐஎஸ்ஓவில் 1/60 வைத்த இடத்தில் 1/500 வைக்கலாம். தவிலுக்கு அது வேண்டும். வலது கை விரல்களில் மாட்டிய கூடுகள் தோலில் இறங்கும் வேகத்துக்கு 1/200 போதாது. முகம் மட்டும் தெளிவாக இருந்து இடது கைக் கழி கலங்கினால் போதும் என்றால் 1/125, அதுவும் எனக்குப் பிடித்த படம்தான், அடியின் வேகம் அதில் தெரியும்.

நீலத்தில் ஃபோகஸ் தடுமாறுவது சகஜம். முகத்தின் நடுவில் வைக்காதீர்கள், அங்கே கேமராவுக்குப் பிடிக்க விளிம்பு கிடைக்காது. திருநீற்றுப் பட்டையின் ஓரம், சங்கிலி, கண்ணாடிச் சட்டம், இப்படி முகத்தோடு ஒரே தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றில் ஒற்றைப் புள்ளியை வையுங்கள். நீலப் படத்தைப் பிறகு வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்று எண்ணவும் வேண்டாம். பிரகாசக் கணக்கில் நீலத்தின் பங்கு சுமார் 7 சதவீதம்தான், எவ்வளவு ஏற்றினாலும் மணல் மணலாகத்தான் வரும். நீலம் மாறும் வரை பொறுங்கள். தவிலில் ஒரு சுற்று முடியும்போது வித்வான் நிமிர்ந்து நாதஸ்வரக்காரரைப் பார்த்துச் சிரிப்பார், அந்தச் சிரிப்புக்கு நல்ல வெளிச்சம் அமைந்தால் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: செல்போனில் எடுத்தால் பாடகரின் முகம் வெள்ளையாக எரிந்துவிடுகிறது. கேமரா வாங்க வசதி இல்லை. வழி உண்டா?
– மதுரை வாசகி

பதில்: உண்டு. சுற்றிலும் இருட்டாக இருப்பதால் போன் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது, முகம் எரிந்துவிடுகிறது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், கன்னத்தில் தோலின் நிறம் தெரியும் வரை இழுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது, பாடுகிறவர் அசைந்தால் இரண்டு மூக்கு வரும். விரலால் பெரிதாக்க வேண்டாம், நாலு வரிசை முன்னால் போய் உட்காருங்கள். கை மைக் பிடித்துப் பாடுபவர் என்றால் மைக் பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள், வாய் மறையாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஆலாபனையில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருப்பவரின் முகத்தில் அதை அடிப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.