ஆட்சிக்கு வந்ததும் ஆயுதக் குழுக்கள் மிதமாகிவிடுமா?

கிருஷ்ணகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது: தாலிபான் போன்ற இயக்கங்கள் ஆட்சியைப் பிடித்த பிறகு மாறுமா?

மாறும், ஆனால் முதலில் மாறுவது கொள்கை அல்ல, கல்லாப்பெட்டி. சிரியாவின் இத்லிபில் 2017இல் சிவில் அரசு ஒன்றை அமைக்க ஆதரவளித்த ஹயாத் தஹ்ரிர் அல்-ஷாம் என்ற ஆயுதக் குழுவுக்கு, துருக்கி எல்லையிலுள்ள பாப் அல்-ஹவா சாவடியின் சுங்கப் பணம் பெரிய வருவாய். தொப்பூர் கணவாயில் ஏறும் லாரிக்காரருக்கு இது விளங்கும்: ஓரிடத்தில் ரசீதோடு கட்டுவது வேறு, வழியெங்கும் மாமூல் அழுவது வேறு. வரி கேட்பவர் சாலையும் மின்சாரமும் தந்தாக வேண்டும். உலக ஜிகாத் பேச்சும் அடங்கியது. அல்-கொய்தாவிலிருந்து 2016இல் விலகிய இந்தக் குழுவின் தலைவர், இன்று அகமது அல்-ஷரா என்ற பெயரில் சிரியாவின் அதிபர்.

தாலிபான் கதை வேறு. 2022 ஏப்ரலில், அபின் எடுக்கப்படும் கசகசாச் சாகுபடியைத் தடை செய்தார்கள். மறு ஆண்டே அது 95 விழுக்காடு சரிந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. நிர்வாகப் பிடி அவ்வளவு இறுக்கம்! ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை. பெரும்பாலான நாடுகளின் அங்கீகாரம் கைநழுவினாலும் இதில் அவர்கள் வளையவில்லை. காந்தஹாரில் அமர்ந்திருக்கும் தாலிபான் தலைவர் அகுந்த்ஸாதாவுக்கு இயக்கம் பிளவுபடாமல் இருப்பதுதான் முக்கியம் என்பது என் கணிப்பு. காபூல் அமைச்சர்கள் சிலரின் முணுமுணுப்பு அவர் முடிவை இதுவரை மாற்றவில்லை.